ஜப்பான் பதிப்பில் மட்டும்

18 ஜனவரி 2010, திங்கள்

இந்த டைரி கல்யாண மண்டபத்துக்காரர் கொடுத்தது. வருடா வருடம் கொடுப்பார். வருடா வருடம் சாருமதி அதன் தாள்களைக் கிழித்து அலமாரித் தட்டுகளில் விரிப்பாள். இந்த வருடம் நான் முந்திக்கொண்டேன். எழுதுகிற பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது. இன்று யாரிடமாவது சொன்னால் தேவலை போலிருக்கிறது. வீட்டில் இருப்பது நானும் அவளும்தான், அவளிடம் சொல்ல முடியாது.

கண் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தோம். அவளுக்குக் கண்ணில் அழுத்தம். இடது கண் போய் இரண்டு வருடமாகிறது. வலது கண்ணில் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி, இப்போது ஒரு வளையல் வழியாகப் பார்ப்பது போலத்தான் தெரிகிறதாம். டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள்.

"ஆபரேஷனும் பண்ணியாச்சு, சொட்டு மருந்தும் மூணு போடுறோம். இதுக்கு மேல செய்யறதுக்கு ஒண்ணும் இல்லம்மா. நடுவுல மிச்சம் இருக்கிறது மூணு மாசம் தாங்கலாம். ஒரே நாள்ல போனாலும் போயிடும்."

"டிவி பாக்கலாமா?" என்று சாருமதி கேட்டாள்.

"தாராளமா பாருங்க. பாக்கறதால ஒண்ணும் கெட்டுடாது."

ஆட்டோவில் அழுவாள் என்று கைக்குட்டையை எடுத்துத் தயாராக வைத்திருந்தேன். அழவில்லை. கோடம்பாக்கம் பாலம் ஏறும்போது, "என்னங்க, எனக்கு ஒண்ணே ஒண்ணு பாக்கணும்," என்றாள். கடல் என்பாள், இல்லையென்றால் அவள் அண்ணன் பிள்ளைகள் என்பாள் என்று நினைத்தேன்.

"நான் நடிச்சதைப் பாக்கணும்."

19 ஜனவரி, செவ்வாய்

அவள் நடித்தது ஒரே படம். 'மாடிப்படி மழை'. 1996 தீபாவளிக்கு வந்தது. கதாநாயகிக்கு அக்கா வேடம். பின்னால் நின்று காபி தருவது, தங்கை அழுதால் தோளைப் பிடிப்பது, இதுதான் வேலை. நடுவில் அவளுக்கென்றே ஒரு காட்சி உண்டு. இரண்டு நிமிடம் இருபத்தொரு விநாடி. அந்தப் படத்தில் நான் எடிட்டிங் அசிஸ்டென்ட். என் கணக்கில் அது 212 அடி ஃபிலிம்.

படம் வெளியான அன்று அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஏழாம் மாதம், குழந்தை தங்கவில்லை. பன்னிரண்டாம் நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு தியேட்டருக்கு வந்தாள். காட்சி இல்லை. படம் நீளம் என்று முதல் வாரத்திலேயே பதினான்கு நிமிடம் எடுத்துவிட்டார்கள், அதில் போய்விட்டது. இடைவேளை வரை காத்திருந்தாள். பிறகு வணக்கம் போடும்வரை காத்திருந்தாள். வெளியே வந்து, "நீங்க அங்கதானே வேல பாக்கறீங்க, உங்ககிட்டகூடச் சொல்லலையா?" என்று கேட்டாள்.

சொல்லவில்லை என்றேன்.

அந்தக் காட்சி எடுத்து முடிந்ததும் டைரக்டர் அவளிடம், "நல்லா பண்ணுனேம்மா" என்றாராம். பதினாலு வருடமாக அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் குடும்பம் நடத்துகிறாள். பிள்ளை இல்லை, வேறு படம் வரவில்லை, தையல் மிஷின் வாங்கினாள், கண் போனது, அதையும் மூடிவைத்தாள். "வாழ்க்கையில ஒரு தடவை நான் ஒண்ணை நல்லா பண்ணியிருக்கேன். நெஜமா பண்ணினேனான்னு ஒரு தடவை பாத்துட்டா போதும். அப்புறம் கண்ணு போனா போகட்டும்." இன்று காலை தோசை வார்த்துக்கொண்டே இதைச் சொன்னாள். தோசை கருகிவிட்டது.

இங்கே விற்கிற டிஸ்க்கில் அந்தக் காட்சி கிடையாது. வெட்டியபின் உள்ள படத்தைத்தான் போட்டிருக்கிறார்கள். ஆனால் வெளிநாட்டுக்குப் போன பிரிண்டுகள் தீபாவளிக்கு நாலு நாள் முன்பே விமானம் ஏறிவிட்டன. அவற்றைத் துரத்திக்கொண்டு போய் யாரும் வெட்டவில்லை. அந்தப் பிரிண்டிலிருந்து அந்தந்த ஊரில் டிஸ்க் போட்டிருந்தால் அதில் இருக்கும். போன வருடம் கரண்ட் போன நேரத்தில், பேச்சு வாக்கில் இதை அவளிடம் உளறிவிட்டேன். இப்போது பிடித்துக்கொண்டாள்.

23 ஜனவரி, சனி

தை பிறந்ததும் கல்யாணங்கள் குவிகின்றன. சினிமா என்னை விட்டபின் கல்யாண வீடியோதான் சோறு போடுகிறது. இன்று ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்து, தாலி கட்டும்போது இதயம் பறக்க வேண்டும் என்றார்கள். பறக்கவிட்டேன். ஒன்று போதாதாம். பதினைந்து விட்டேன்.

பினாங்கிலிருக்கும் சின்னையாவுக்குப் போன் செய்தேன். நாலு வருடம் முன்பு அவர் தங்கை மகள் கல்யாணத்தை இங்கே வைத்தார்கள், வீடியோ நான்தான். தமிழ்ப் பட டிஸ்க் சேர்ப்பதில் பைத்தியம் பிடித்த மனிதர். ஒரே படத்தை எந்தெந்த ஊரில் போட்டிருக்கிறார்களோ அத்தனையும் வாங்கி வைத்திருப்பார்.

"இருக்குலா அண்ணே, எங்க ஊரு வீசிடி இருக்கு. அக்கா நடிச்சாங்களா? சொல்லவே இல்லையே! இன்னிக்கே போட்டுப் பாக்கிறேன்."

28 ஜனவரி, வியாழன்

மலேசிய வீசிடியில் இல்லை. இரண்டு தட்டில் அடக்குவதற்காக இருபது நிமிடத்தைத் தூக்கிவிட்டார்கள். அத்துடன் கதாநாயகன் குடிக்கிற இடங்களையும் எடுத்துவிட்டார்களாம், குடிக்காமலேயே தள்ளாடுகிறான் என்று சின்னையா சிரித்தார்.

5 பிப்ரவரி, வெள்ளி

சின்னையாவின் புண்ணியத்தில் ஒன்று தெரிந்துகொண்டேன். நாம் பார்த்த படத்தை மற்ற ஊரார் பார்க்கவில்லை. கனடா டிஸ்க்கில் மூன்று படத்தை ஒன்றாகத் திணித்து, பாட்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். பாட்டில்தான் காதலே வருகிறது, அதனால் அந்த ஊரில் இரண்டு பேரும் திடீரென்று கல்யாணம் செய்துகொள்கிறார்கள். சாருமதியின் காட்சியும் அதில் இல்லை. லண்டன் டிஸ்க்கில் எல்லாம் இருக்கிறது, ஆனால் கம்பெனியின் போன் நம்பர் ஆட்களின் மூக்குக்குக் கீழே ஓடிக்கொண்டே இருக்கிறது.

லண்டன் டிஸ்க்கில் சாருமதியின் காட்சி தொடங்குகிறது. தொடங்குகிறது, அவ்வளவுதான். அது ரீலின் கடைசியில் வருகிற காட்சி. தியேட்டர் தியேட்டராக ஓடித் தேய்ந்த பிரிண்டில் ரீல் முனைதான் முதலில் போகும். அவள் படியிறங்குவது மட்டும் மிஞ்சியிருக்கிறது. முகம் வருவதற்குள் அடுத்த ரீல் வந்துவிடுகிறது.

போனை அவளிடம் கொடுத்தேன்.

"கால் தெரியுதா தம்பி?" என்று கேட்டாள்.

"தெரியுதுக்கா. மழையில நனைஞ்ச படி, அதுல உங்க கால் மட்டும் வருது. கொலுசு போட்டிருக்கீங்க."

"ஆமா, அது என்னோடதுதான். அவங்க கொடுத்தது பெருசா இருந்துச்சு, என்னோடதையே போட்டுக்கிட்டேன்."

அந்தக் காலை வைத்துக்கொண்டே நாள் முழுவதும் சந்தோஷமாக இருந்தாள். எனக்கு என்னவோ எரிச்சலாக வந்தது. தண்ணி லாரிக்காரனிடம் தேவையில்லாமல் சண்டை போட்டேன்.

14 பிப்ரவரி, ஞாயிறு

ஜப்பானில் அந்தப் படத்தைப் போட்டிருக்கிறார்கள். நம் படங்களுக்கு அங்கே கொஞ்சம் மவுசு இருந்த சமயம். எமிகோ என்று ஒரு அம்மாள், தமிழ் படித்தவளாம், சின்னையாவோடு டிஸ்க் மாற்றிக்கொள்கிறவள். தன்னிடம் ஜப்பான் பதிப்பு இருப்பதாகவும், அதில் காட்சி முழுதாக இருப்பதாகவும் சொல்லியிருக்கிறாள். அனுப்புகிறாளாம்.

சாருமதி சாமி படத்துக்குப் பூ வைத்தாள். வளையல் சின்னதாகிக்கொண்டு வருகிறது என்று டாக்டரம்மாவிடம் சொல்லச் சொன்னாள்.

26 பிப்ரவரி, வெள்ளி

பார்சல் வந்தது. பருத்தித் துணியில் சுற்றி, அதற்கு மேல் காகிதம், அதற்கு மேல் அட்டை. ஒரு டிஸ்க்குக்கு இவ்வளவு சீர். உள்ளே ஒரு கடிதம், அச்சடித்தது போன்ற கையெழுத்து.

"வணக்கம். இந்தத் தட்டு எங்கள் நாட்டு இயந்திரத்திற்காகச் செய்யப்பட்டது. உங்கள் இயந்திரம் மறுத்தால் வருந்த வேண்டாம், வழி தேடுவோம்." இதுவரை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அதன் கீழே இருந்தது இது:

"உங்கள் மனைவியார் படியில் அமர்ந்திருக்கும் காட்சியை நானும் என் தோழிகளும் பலமுறை பார்த்திருக்கிறோம். கதாநாயகியின் பெயர் எங்களுக்கு மறந்துவிட்டது. உங்கள் மனைவியாரை நாங்கள் 'படி அக்கா' என்று அழைக்கிறோம். என் கணவர் இறந்த வருடத்தில் நான் அந்தக் காட்சியை மட்டும் போட்டுப் பார்ப்பேன். படி அக்கா வேறு எந்தெந்தப் படங்களில் நடித்தார் என்று தயவுசெய்து எழுதுங்கள்."

"அவ்வளவுதானா?" என்று சாருமதி கேட்டாள். "நல்லா தமிழ் எழுதறாங்களே."

அவ்வளவுதான் என்றேன். கடிதம் நீளமாக இருந்தது, எனக்கும் வேலை இருந்தது.

27 பிப்ரவரி, சனி

இதை விளக்கமாகவே எழுதுகிறேன். டிஸ்க் செய்கிறவர்கள் உலகத்தை ஆறு துண்டாக்கி, துண்டுக்கு ஒரு எண் கொடுத்திருக்கிறார்கள். நமக்கு ஐந்து, ஜப்பானுக்கு இரண்டு. இரண்டாம் எண் டிஸ்க்கை ஐந்தாம் எண் மெஷின் தொடாது. ஹாலில் இருந்த பிளேயர் பொங்கலுக்கு முன்பே உயிரை விட்டுவிட்டது, மிச்சம் இருப்பது நான் கல்யாணம் வெட்டுகிற கம்ப்யூட்டர்தான். அதில் எண்ணை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் நினைத்தபோதெல்லாம் முடியாது. இன்னும் நான்கு முறைதான் மாற்றலாம், அதற்குப் பிறகு கடைசியாக வைத்த எண்ணே நிலைத்துவிடும் என்று திரையில் ஒரு கட்டம் வந்தது.

சாருமதி கோயிலுக்குப் போயிருந்தாள், பக்கத்து வீட்டு லலிதா கூட்டிக்கொண்டு போனாள். அவள் வருவதற்குள் ஓடுகிறதா என்று பார்த்துவிடலாம் என்று இரண்டுக்கு மாற்றினேன். ஓடியது. காட்சி இருக்கிறது. 212 அடியும் இருக்கிறது.

மறுபடி ஐந்துக்கு மாற்றிவிட்டேன். அவள் மத்தியானம் பார்க்கிற யானை டிஸ்க் நம் ஊர் எண். கண் இருக்கும்போதே பெரிய பெரியதாக எதையாவது பார்த்துவிட வேண்டும் என்று யானைகளைப் பார்க்கிறாள், பாவம். அது ஓடாவிட்டால் கேட்பாள்.

"ஓடுச்சா?" என்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

"மெஷின் ஏத்துக்க மாட்டேங்குது. பாக்கலாம்," என்றேன்.

இன்னும் இரண்டு முறை மாற்றலாம்.

2 மார்ச், செவ்வாய்

இதை எழுதாவிட்டால் டைரி எதற்கு?

படம் வெளியானதும் நீளம் குறைக்க வேண்டுமென்றால் அந்தக் காலத்தில் நாங்கள் செய்வது இதுதான். எந்தெந்த இடத்தை எடுக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் போடுவோம். அசிஸ்டென்டுகள் ஆளுக்கொரு ஏரியா என்று பஸ் ஏறிப்போய், தியேட்டர் ஆபரேட்டர் அறையில் உட்கார்ந்து, ரீலை எடுத்து வெட்டி ஒட்டிவிட்டு வருவோம். டைரக்டரும் தயாரிப்பாளரும் அன்று ஆளுக்கொரு மூலையில் இருந்துகொண்டு இடங்களைச் சொன்னார்கள். மொத்தம் ஒன்பது. கார்பன் வைத்துப் பட்டியல் எழுதியது நான். பத்து எழுதினேன்.

டைரக்டர் தயாரிப்பாளர் வேலை என்று நினைத்தார். தயாரிப்பாளர் டைரக்டர் வேலை என்று நினைத்தார். அக்கா வேடத்தில் வந்த புதுப்பெண்ணின் காட்சிக்காக யாரும் விசாரணைக் கமிஷன் வைக்கவில்லை. நெகட்டிவிலும் அதே பட்டியல்தான் போனது. மெட்ராஸ் தியேட்டர்களில் என் கையாலேயே வெட்டினேன். அப்போது அவள் ஆஸ்பத்திரியில், குழந்தை போன வயிற்றோடு படுத்திருந்தாள்.

ஏன் என்றால், அந்தப் பார்வை. படத்தில் அந்த அக்கா, கணவன் விட்டுப்போனவள். மழைக்கு ஒதுங்கிய பார்சல் ஆபீஸ்காரன் ஒருவன் படியில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துப் பாதியை அவளிடம் நீட்டுகிறான். அவள் வாங்கிக்கொண்டு, "மழை விட்டா நீங்க போயிடுவீங்க இல்ல?" என்கிறாள். பிறகு வசனம் இல்லை. பதினொரு விநாடி அவனைப் பார்க்கிறாள். 264 ஃபிரேம். எடிட்டிங் டேபிளில் அதை முன்னாலும் பின்னாலும் எத்தனை தடவை ஓட்டியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. என்னை அவள் ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை. கல்யாணமாகி நாலு வருடம் ஆகியிருந்தது.

அந்த நடிகன் வாசுதேவ் நல்ல பையன். செட்டில் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டான். இருவரும் பேசியதே மொத்தம் இரண்டு நாள். 2003-இல் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். இதெல்லாம் எனக்கு அப்போதும் தெரியும், இப்போதும் தெரியும். தெரிந்து என்ன?

8 மார்ச், திங்கள்

"என்னங்க, சைனா பிளேயர்ல எல்லா நாட்டு டிஸ்க்கும் ஓடுமாமே? லலிதா வீட்டுக்காரர் சொல்றாரு."

"ஜப்பான் டிஸ்க் ஓடாது. அது வேற மாதிரி."

"ஓ, அப்படியா," என்று விட்டுவிட்டாள். சினிமாக்காரன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறாள்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் கூவிக் கூவி விற்கிற பிளேயர் எதுவானாலும் அதை ஓட்டும். பார்சல் வந்த அன்றே எனக்குத் தெரியும்.

10 மார்ச், புதன்

சொட்டு மருந்து: காலை ஆறு, மத்தியானம் இரண்டு, ராத்திரி பத்து. ஒரு மருந்துக்கும் அடுத்ததற்கும் ஐந்து நிமிடம் இடைவெளி. இதில் நான் ஒரு நாளும் தவறியதில்லை. இதையும் எழுதிவைக்கிறேன்.

14 மார்ச், ஞாயிறு

இப்போது வளையல் இல்லையாம், பொட்டு அளவுதானாம். என் முகத்தைக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு, மூக்கு, அப்புறம் ஒரு கண், அப்புறம் இன்னொரு கண் என்று தனித்தனியாகப் பார்த்தாள். "உங்களுக்கு நரைச்சுப்போச்சே," என்றாள். நரைத்துப் பத்து வருடமாகிறது.

இன்று நன்றாக இருந்தோம். கத்தரிக்காய் வதக்கினேன், உப்பு சரியாக இருந்தது என்றாள். நாளைக்கே காட்டிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

15 மார்ச், திங்கள்

நாளைக்கு.

17 மார்ச், புதன்

காட்டிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். சத்தியமாக. இரண்டுக்கு மாற்றினேன். முதலில் நான் ஒரு தடவை பார்த்துவிட்டு அவளைக் கூப்பிடலாம் என்று சத்தத்தை அடைத்துவிட்டுப் போட்டேன்.

என் வயது ஐம்பத்தேழு. திரையில் இருப்பவளுக்கு இருபத்தொன்பது. அவனைப் பார்க்கிறாள். எனக்கு அதே இடத்தில், அதே மாதிரி வலித்தது. பதினாலு வருடம் போனதே தெரியவில்லை. இவள் பார்த்துவிட்டால் என்ன நினைப்பாள்? தன்னிடம் இப்படி ஒரு பார்வை இருந்தது, அது எங்கே போனது என்று கேட்கமாட்டாளா? என்னிடம்தானே கேட்பாள்?

ஹாலிலிருந்து குரல் வந்தது. "என்னங்க, வேல முடிஞ்சா யானை போடுறீங்களா?"

ஐந்துக்கு மாற்றப் போனேன். கட்டம் வந்தது. இதுவே கடைசி முறை, இதற்குமேல் மாற்றவே முடியாது, சம்மதமா என்று கேட்டது. இரண்டிலேயே விட்டுவைத்தால் ஜப்பான் டிஸ்க் எப்போதும் ஓடும். ஐந்து என்றால் இனி எப்போதும் ஓடாது. ஒரு நிமிடம் கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் கேட்டது யானையை. சம்மதம் என்று அழுத்தினேன்.

நாற்காலியை இழுத்துத் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். குட்டி யானை ஆற்றைத் தாண்டும் இடம் வந்ததும் கைதட்டினாள். அதன் வால் மட்டும் தெரிந்ததாம்.

19 மார்ச், வெள்ளி

எமிகோவிடமிருந்து சின்னையா மூலம் விசாரிப்பு. அக்கா பார்த்துவிட்டார்களா, என்ன சொன்னார்கள் என்று கேட்கிறாளாம். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

22 மார்ச், திங்கள்

காலையில் தண்ணீர் வருகிற நேரம். குடங்களை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தேன். சாருமதி அறையிலிருந்து வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரவிக்கையை உள்பக்கம் வெளியாகப் போட்டிருந்தாள்.

"போயிடுச்சுங்க," என்றாள்.

தண்ணீரைச் சொல்கிறாள் என்று நினைத்து, இன்னும் வரவில்லையே என்றேன்.

"கண்ணு."

குடத்தைக் கீழே வைத்தேன். டாக்டரம்மா சொன்னது போலவே, ஒரே நாளில். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அவள் கையை மட்டும் தட்டிக் கொடுத்தார்கள். வரும்போது பாலத்தில் ஆட்டோ நின்றது. ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. சாருமதி சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தாள்.

23 மார்ச், செவ்வாய்

அழுதேன். அவள் சமாதானம் சொன்னாள்.

24 மார்ச், புதன்

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் சைனா பிளேயர் ஒன்று வாங்கி வந்தேன். கடைக்காரர், "எந்த நாட்டு டிஸ்க் போட்டாலும் ஓடும் சார், வருஷக்கணக்கா இதைத்தான் விக்கிறோம்," என்றார். தெரியும் என்றேன். இத்தனை நாள் வாங்காமல் இன்று ஏன் வாங்கினேன் என்று எழுதப் போவதில்லை.

"ஓடுதுன்னு சொல்றீங்களா?" சாருமதி நம்பவில்லை. நல்ல புடவையை எடுத்துத் தரச் சொன்னாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கட்டிக்கொண்டு வந்து டிவிக்கு முன்னால் உட்கார்ந்தாள், தலையைச் சற்றுச் சாய்த்துக்கொண்டு. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கீழே ஜப்பான் எழுத்துகள் ஓடின. படம் அத்தனை சுத்தமாக இருந்தது, ஒரு கீறல் இல்லை.

"வந்துட்டே," என்றேன்.

மழைச் சத்தம் கேட்டது. கொலுசு கேட்டது. பிறகு வசனம்.

"இது என் குரல் இல்ல," என்றாள். "டப்பிங் சமயத்துல டாக்டர் என்னைப் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாதுன்னுட்டாங்க இல்ல, யாரையோ வெச்சு முடிச்சுட்டாங்க. குரல் நல்லா இருக்கு, யாரு பெத்த புள்ளையோ."

மழை விட்டா நீங்க போயிடுவீங்க இல்ல, என்றது அந்தக் குரல். அதன் பிறகு மழை மட்டும்.

"இப்ப நான் என்னங்க பண்றேன்?"

"அவனைப் பாக்கறே."

"எப்படிப் பாக்கறேன்?"

பதினொரு விநாடியில் நாலைந்துதான் போயிருந்தது. அவள் முகம் திரை முழுக்க இருந்தது. பக்கத்தில் அதே முகம், நாற்பதைத் தாண்டிய முகம், என் பக்கம் திரும்பிக் காத்துக்கொண்டிருந்தது. சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு வார்த்தைகூட என்னிடம் இருந்தது, பதினாலு வருடமாக இருந்தது.

"சும்மாதான் பாக்கறே," என்றேன்.

"சும்மான்னா?"

"சும்மா... கேமராவைப் பாத்துப் பயந்த மாதிரி. புதுசுதானே நீ."

காட்சி முடிந்தது. கதாநாயகி வந்தாள், பாட்டு தொடங்கியது. சாருமதி மடியில் இருந்த முந்தானையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"டைரக்டர் நல்லா பண்ணுனேன்னு சொன்னாரே?"

"அவரு எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லுவாரு."

"ம்," என்றாள். பாட்டில் ஒரு சரணம் போயிற்று. "நிறுத்திடுங்க."

நிறுத்தினேன்.

"உங்ககிட்டகூட இதைச் சொன்னதில்ல," என்றாள். "அந்த சீனை வெட்டுனது யாருன்னு தெரியாது. ஆனா அவங்களை நான் தினம் சபிச்சிருக்கேன். புள்ள போன அன்னிக்கு, கண்ணு போன அன்னிக்கு, எல்லாத்துக்கும் சேத்து அவங்களைத்தான் சபிச்சேன். நேத்துகூட." கையை நீட்டித் தடவி, என் கையைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டாள். "பாவம், நல்லா இல்லாததைத்தானே வெட்டியிருக்காங்க. எங்க இருந்தாலும் அவங்க என்னை மன்னிச்சுடணும்."